கோடையில் அயல்நாடு சென்று கற்பிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கும் எங்கள் மகள், வருகிற மே மாதத்தில் நான்கு வாரங்கள் நேபாளத்துக்குச் சென்று, போக்ராவுக்கு அருகிலுள்ள ஒரு மலைக்கிராமத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் வேதாகமக் கதைகளும் கற்பிக்க விரும்புகிறாள். வாலிபர் குழு ஒன்று இதற்காக ஆள் சேர்க்கிறது. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, ஆகவே எந்தச் சிக்கலும் வராது என்று குழுவினர் சொல்கிறார்கள். தடுத்தால் பாவமாகுமோ என்று நானும், அனுப்பினால் ஆபத்தாகுமோ என்று அவள் தந்தையும் கலங்கிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு வழி சொல்லுங்கள்.
– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகளின் வாஞ்சை நல்லது, அதை அணைத்துவிடாதீர்கள். திருநெல்வேலிச் சபைகள் 1903-ஆம் ஆண்டிலேயே தங்களுக்கென ஓர் இந்திய மிஷனரி சங்கத்தை ஏற்படுத்தி, தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியவை. அந்த மண்ணில் பிறந்த பெண்ணுக்கு இப்படி ஓர் ஆசை எழுவதில் வியப்பில்லை. ஆனால் குழுவினர் சொன்னதில் முதல் பாதிதான் உண்மை. இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் நேபாளத்துக்குள் செல்லலாம். கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ இருந்தால் போதும். ஆதார் அட்டையை மட்டும் நம்பி அவள் புறப்பட்டுவிடக் கூடாது, அவள் வயதினருக்கு அது பயண ஆவணமாக ஏற்கப்படுவதில்லை. எல்லையைக் கடப்பது எளிது என்பதால் உள்ளே சென்றபின் எதையும் செய்யலாம் என்று ஆகிவிடாது.

நேபாளத்தின் 2015-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம், தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தரும் அதே 26-ஆம் பிரிவில், ஒருவரை ஒரு சமயத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டத் தொகுப்பின்படி, மதமாற்றம் செய்வதற்கும் அதற்கு முயல்வதற்கும் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனையும் ஐம்பதாயிரம் நேபாள ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். குற்றவாளி அயல்நாட்டவரானால் தண்டனை முடிந்தபின் நாட்டை விட்டு வெளியேற்றப்படுவார். இந்த விஷயத்தில் இந்தியரும் அயல்நாட்டவரே. சபைக்கு வெளியேயுள்ள குடும்பங்களின் பிள்ளைகளை ஆங்கில வகுப்பு என்று சொல்லி அழைத்து, அங்கே வேதாகமக் கதை சொல்வது இந்தச் சட்டத்தின் முன் மிக எளிதாகக் குற்றச்சாட்டாக மாறக்கூடும். அப்படி மாறினால் உங்கள் மகள் நான்காம் வாரத்தில் வீடு திரும்பிவிடலாம். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டியவர் அந்தக் கிராமத்துப் போதகர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள ஒரு சிறு கூட்டத்தின் தோளில் நாம் இந்தப் பாரத்தை ஏற்றிவிட்டு வரலாகாது. சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், பெற்றோரிடம் ஒன்றைச் சொல்லிப் பிள்ளைகளிடம் வேறொன்றைச் செய்வதை என்னால் ஊழியம் என்று ஏற்க முடியவில்லை. ஆங்கிலம் கற்பிப்பதாகச் சொன்னால் ஆங்கிலத்தையே கற்பிக்க வேண்டும், அதையும் நன்றாகக் கற்பிக்க வேண்டும். சபைப் பிள்ளைகளுக்கு, அவர்கள் பெற்றோரின் சம்மதத்துடன், சபைப் போதகரின் பொறுப்பில் வேதபாடம் நடத்துவது வேறு; அதிலும் போதகர் வகுக்கும் எல்லையை உங்கள் மகள் மீறக் கூடாது.

குழுவினர் கவனித்ததாகத் தெரியாத இன்னொரு செய்தியும் உண்டு. நமக்குத்தான் மே மாதம் கோடை விடுமுறை. நேபாளத்தில் புத்தாண்டு ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. பள்ளிகளின் கல்வியாண்டும் அதையொட்டியே தொடங்குகிறது. உங்கள் மகள் போய்ச் சேரும் நேரத்தில் பிள்ளைகள் புதுப் புத்தகங்களுடன் வகுப்பில் அமர்ந்திருப்பார்கள். அங்கே சனிக்கிழமையே வார விடுமுறையாக இருந்து வருவதால், திருச்சபைகளும் ஆராதனைக்கும் பிள்ளைகளின் வேதவகுப்புக்கும் அந்த நாளிலேயே கூடுகின்றன. ஆக, நான்கு வாரப் பயணத்தில் பிள்ளைகள் முழுமையாகக் கிடைக்கும் நாட்கள் பெரும்பாலும் அந்தச் சனிக்கிழமைகள் மட்டுமே. நம் ஊர் விடுமுறை வேதாகமப் பள்ளியைப் போலக் காலை முதல் மதியம் வரை தொடர்ந்து பத்து நாட்கள் நடத்தலாம் என்று திட்டமிட்டிருந்தால், அத்திட்டம் அங்குள்ள யாரையும் கேட்டுப் போடப்பட்டதல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. நீண்ட பள்ளி விடுமுறை புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் தசைன், திகார் பண்டிகைகளையொட்டித்தான் வருகிறது.

எனவே குழுவினரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: உங்களை அழைத்தது யார்? அந்தக் கிராமத்துச் சபையே எழுத்தில் அழைத்து, இன்ன உதவி வேண்டும் என்று சொல்லியிருந்தால், அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அழைப்பே இல்லாமல் இங்கிருந்து இடம் குறித்திருந்தால் இந்த ஆண்டு அனுப்ப வேண்டாம். அழைப்பு இருந்து, மே மாதமே வசதி என்று அவர்களும் சொன்னால், பி.எட். படிக்கும் பெண் அங்கே மிகவும் பயன்படக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. சனிக்கிழமை வகுப்பை ஆண்டு முழுவதும் நடத்தப்போகிறவர்கள் உள்ளூர் ஆசிரியர்களே. அவர்களில் பெரும்பாலோர் பயிற்சி பெறாத இளம் விசுவாசிகளாக இருப்பார்கள். ஒரு பாடத்தை வயதுக்கேற்பப் பிரிப்பது எப்படி, விலைகொடுத்து வாங்காமல் கையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு கற்பித்தல் கருவிகள் செய்வது எப்படி, அடக்க முடியாத பிள்ளையைத் திட்டாமல் வகுப்பில் ஈடுபடுத்துவது எப்படி என்பவற்றை மாலை நேரங்களில் அவர்களோடு உட்கார்ந்து பகிர்ந்துகொள்ளட்டும். சனிக்கிழமையன்று வகுப்பை அவர்களே நடத்த, இவள் பின்வரிசையில் இருந்து உதவட்டும். நான்கு வாரம் மட்டுமே தங்குகிறவள் விட்டுச்செல்லும் வேலை தொடர வேண்டுமானால், அது தங்கியிருப்பவர்களின் கைக்குள் போக வேண்டும்.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டும். நேபாளி தெரியாமல் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினால் அரைமணிப் பாடம் ஒரு மணி நேரமாகும், சிறு பிள்ளைகள் அதற்குள் எழுந்து ஓடிவிடுவார்கள். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, கற்பிக்கத் தொடங்குமுன் ஒரு திண்ணைப்பள்ளி ஆசிரியரைத் தம் வீட்டுக்கு அழைத்து, சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். பல்கலைக்கழகத்தில் படித்தவர் அவர். உங்கள் மகளுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. வணக்கம் சொல்லவும், பெயர் கேட்கவும், நான்கைந்து பாடல்களைப் பொருள் தெரிந்து பாடவும் இப்போதே பழகத் தொடங்கலாம்.

பயணத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டின் வழியாகக் கோரக்பூர் செல்லும் ராப்திசாகர் விரைவு ரயிலில் போய், அங்கிருந்து பேருந்தில் சுனௌலி எல்லையைக் கடந்து, மீண்டும் பேருந்தில் போக்ரா செல்லும் வழியைத்தான் பெரும்பாலான குழுக்கள் தேர்ந்தெடுக்கின்றன. மே மாதத்துக் கோரக்பூர் வெயில் கடுமையானது. மருத்துவச் செலவுக்கும் திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் தனியாகப் பணம் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காத்மண்டுவில் உள்ள ஓர் அநாதை இல்லத்தில் ஒரு மாதம் தங்கிப் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்த இணையத்தின் வழியே அழைப்பு வந்துள்ளது. தங்குவதற்கும் உணவுக்கும் அவர்கள் கேட்கும் கட்டணத்தைச் சபையில் காணிக்கையாகத் திரட்டலாமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: தம்பி, சபையில் உதவி கேட்பதில் தவறில்லை, திரும்பி வந்து கணக்குக் கொடுத்தால் போதும். ஆனால் இந்தப் பயணத்துக்காகக் கேட்காதீர்கள். நேபாளத்தில் அநாதை இல்லங்கள் எனப்படுபவற்றில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். நல்ல படிப்புக் கிடைக்கும் என்ற வாக்குறுதியை நம்பி, தொலைதூர மலை மாவட்டங்களிலிருந்து பெற்றோர் அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். கட்டணம் செலுத்தும் தன்னார்வலர்கள் வந்துகொண்டே இருப்பதால், காட்டுவதற்குப் பிள்ளைகளைத் திரட்டிவைக்கும் இல்லங்களும் உருவாகியிருக்கின்றன. இதனால் விளையும் தீங்குகளைத் தடுக்குமாறு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2019-இல் நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானத்தில் நாடுகளை வலியுறுத்தியது. நேர்மையாக நடத்தப்படும் இல்லமாகவே இருந்தாலும், மாதத்துக்கு ஒரு புதிய அண்ணன் வந்து, நெருங்கிப் பழகி, அழவைத்துவிட்டுப் போவது பெற்றோரைப் பிரிந்த பிள்ளைக்கு நன்மை செய்யாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முன்பின் தெரியாத ஓர் இளைஞரிடம் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழோ, ஆயரின் கடிதமோ கேளாமல், பணத்தை மட்டும் கேட்டு, பிள்ளைகளோடு தங்க அனுமதிக்கும் இல்லம், உங்களுக்கு முன்னால் வந்தவர்களையும் அப்படித்தான் அனுமதித்திருக்கும். எழுத்து வடிவிலான பிள்ளைப் பாதுகாப்பு விதிகள் இல்லாத எந்த இடத்துக்கும், அது எந்த நாட்டில் இருந்தாலும், நம் சபை இளைஞர்கள் போகக் கூடாது.

கேள்வி: நாங்கள் கனடாவில் வாழும் தமிழ்க் குடும்பம். எங்கள் மகன் அங்கேயே பிறந்தவன், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அயல்நாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிறான். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள எங்கள் பூர்வீகச் சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த ஆசைப்படுகிறான். ஓ.சி.ஐ. இருப்பதால் தனி அனுமதி வேண்டியதில்லையே?
– ஒரு தந்தை, டொராண்டோ

பதில்: வேண்டும் ஐயா. 2021 மார்ச் மாதம் இந்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, ஓ.சி.ஐ. அட்டைதாரர்கள் சமயப் பரப்புப் பணியில் ஈடுபடச் சிறப்பு அனுமதி பெற்றாக வேண்டும். உறவினரைப் பார்க்கவும் ஆராதனையில் கலந்துகொள்ளவும் அது தேவையில்லை. விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாடம் நடத்துவது சமயப் பணியில் சேராது என்று வாதிடுவது எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றவில்லை. டொராண்டோவிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டு, பதில் கையில் வந்தபின் டிக்கெட் எடுங்கள். அட்டை இல்லாத நண்பர்கள் அவனுடன் வருவதாக இருந்தால், சுற்றுலா விசா அவர்களுக்கு இந்தப் பணிக்குப் போதாது. மிஷனரி விசா என்றே ஒரு தனி வகை உள்ளது.

காலமும் பொருந்தவில்லை. இங்கே விடுமுறை வேதாகமப் பள்ளிகள் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் முடிந்துவிடுகின்றன. ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறந்துவிடும். ஜூலையில் வரும் உங்கள் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளின் ஓய்வுநாள் பள்ளி மட்டுமே எஞ்சியிருக்கும். கனடாவில் படிப்பு ஏப்ரல் இறுதியில் முடிந்துவிடும் பல்கலைக்கழக மாணவன் என்றால், மே மாதத்துக்குப் பயணத்தை மாற்றிக்கொள்ளலாம். அப்போதும் விடுமுறை வேதாகமப் பள்ளியின் இயக்குநராக அல்ல, ஆசிரியர்களில் ஒருவராக வரட்டும்; ஆசிரியர்களுக்கான ஆயத்தப் பயிற்சி வகுப்புகள் முன்னதாகவே நடந்துவிடுவதால், அந்த ஆண்டுப் பாடப் புத்தகத்தை, சபைகளை மேற்பார்வையிடும் சேகரத் தலைவரிடமிருந்து வரவழைத்து வீட்டில் உங்களோடு உட்கார்ந்து தமிழில் வாசித்துப் பழகட்டும்.