முத்திரைத்தாளில் வாங்கிய கையெழுத்து செல்லாது, சகோதரி

கேள்வி: மார்த்தாண்டம் அருகே ஒரு மர அறுவை மில்லில் என் கணவர் பல ஆண்டுகளாக நாட்கூலிக்கு வேலை செய்தார். கூலி 800 ரூபாய். 2025 ஜூன் மாதம் ரப்பர் தடி அறுக்கும்போது வட்ட ரம்பத்தில் சிக்கி, வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. அப்போது அவருக்கு 40 வயது. மில்லில் மொத்தமே ஏழு பேர்தான். முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிவிட்டு, 20,000 ரூபாய் கையில் கொடுத்து, "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "நாட்கூலிக்காரனுக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை, கவனக்குறைவு அவனுடையது" என்கிறார். ஒரே ஊர், ஒரே சபை. இப்போது பாதிச் சம்பளத்துக்குக் காவல் வேலை தருவதாகச் சொல்கிறார். நாங்கள் என்ன செய்வது? கொல்லத்தில் குவாரி வேலைக்குப் போகும் என் தம்பிக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?
– ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த முத்திரைத்தாள். அதை நினைத்துத்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவைக் கேளுங்கள்: வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான இழப்பீட்டைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எழுதும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. உங்கள் கணவர் மனமறிந்தே கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. வலியிலும் பணமுடையிலும் இருக்கிறவனிடம் இப்படி எழுதி வாங்குவார்கள் என்று தெரிந்துதான் அந்தப் பிரிவையே வைத்திருக்கிறார்கள்.

நாட்கூலி என்பதும் தடையல்ல. யந்திரம் ஓடுகிற மில்லில் வேலை செய்கிறவர் மாதச் சம்பளமா, நாட்கூலியா என்று சட்டம் பார்ப்பதில்லை. பத்துப் பேருக்குக் குறைவாக இருப்பதால் உங்கள் மில்லுக்கு இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீடு வராமல் போயிருக்கலாம். இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில்தான் இந்தச் சட்டம் முதலாளியை நேரடியாகப் பொறுப்பாக்குகிறது. இந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்திருக்கிறதே என்று யாராவது குழப்பினால், விபத்து அதற்கு முன்பே நடந்துவிட்டது என்று சொல்லுங்கள். விபத்து நடந்த நாளிலேயே உங்கள் கணவரின் உரிமை பிறந்துவிட்டது.

"கவனக்குறைவு" என்ற பேச்சு என்னை உண்மையிலேயே கோபப்படுத்துகிறது. ரம்பத்துக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிற மனிதனுக்கு ஒரு கணம் கை தவறுவது குற்றமாகாது. குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார், ரம்பத்தின் மூடியை வேண்டுமென்றே கழற்றினார் என்று முதலாளி நிரூபித்தால்தான் அவர் தப்பிக்க முடியும். சின்னத் தடி அறுக்க இடைஞ்சல் என்று பல மில்களில் அந்த மூடி மாட்டப்படுவதே இல்லை. அங்கேயும் அப்படித்தானா என்று கணவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. ஒரு கையில் இரண்டு விரல்கள் போனால் வருமான இழப்பு 20 சதவீதம் என்று சட்டத்தின் முதல் அட்டவணை சொல்கிறது. மாத ஊதியம் எவ்வளவாக இருந்தாலும் கணக்கில் 15,000 ரூபாய் வரைதான் எடுப்பார்கள். முழு ஊனத்துக்கு அதில் 60 சதவீதத்தை எடுப்பார்கள்; அது 9,000. அதை வயதுக்கு ஏற்பச் சட்டம் தரும் ஓர் எண்ணால் பெருக்க வேண்டும்; நாற்பது வயதுக்கு அது 184.17. பெருக்கினால் 16,57,530; அதில் 20 சதவீதம் 3,31,506 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காததால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேரும். தகுந்த காரணமில்லாமல் தாமதித்ததாகத் தெரிந்தால், தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கட்டியதை இதில் கழிக்க முடியாது. கையில் கொடுத்த 20,000-ஐக் கழிக்கச் சொல்லிக் கேட்பார். கழித்தால்தான் என்ன, மீதி எவ்வளவு என்று பாருங்கள்.

இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சருக்கு, ஒற்றைக் கையால் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது என்பதால் முழு ஊனத்துக்கான இழப்பீடு தரவேண்டும் என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு விரலுக்கு அது அப்படியே பொருந்திவிடாது. ஆனாலும் வலது கைப்பிடி போன பிறகு தடி தள்ள முடியவில்லை என்பதை மருத்துவர் சான்றோடு சொல்லாமல் விடாதீர்கள்.

நான் பயப்படுவது ஒரு விஷயத்துக்குத்தான். காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார்? மில் ஆட்கள் என்றால், எப்படி அடிபட்டது என்ற இடத்தில் என்ன எழுதச் சொன்னார்கள்? "வீட்டில் விறகு வெட்டும்போது" என்று ஒரு வரி இருந்தால் அதைச் சொல்லியே வழக்கை இழுப்பார்கள். விபத்துப் பதிவேட்டின் நகலையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். வரி தவறாக இருந்தாலும் வழக்கு செத்துவிடாது. பக்கத்தில் நின்று வேலை செய்தவர் ஒருவர் சாட்சி சொன்னால் போதும். கூலி எழுதிய நோட்டு, போனில் வந்த பணத்தின் பதிவு, முதலாளி பெயரில் கட்டிய ஆஸ்பத்திரி பில் எல்லாமே ஆதாரம்தான். ஏன், அந்த முத்திரைத்தாளும் ஆதாரம்தான்! வேலையே செய்யாதவனிடம் யார் இப்படி எழுதி வாங்குவார்கள்? அதன் நகலை எப்படியாவது எடுத்துவிடுங்கள்.

முதலாளிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பிறகு நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய், இழப்பீட்டு ஆணையரிடம் மனு கொடுப்பது எப்படி என்று கேளுங்கள். விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள், அதாவது 2027 ஜூனுக்கு முன்பே மனு போய்ச் சேர வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது; ஆலைத் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் அங்கே இலவச உதவி உண்டு.

ஒரே சபை என்ற சங்கடம் எனக்குப் புரிகிறது. சண்டை போடச் சொல்லவில்லை. மில்லுக்கு இன்சூரன்ஸ் பாலிசி இருந்தால் பணம் அவர் பையிலிருந்து போகப்போவதும் இல்லை. அதைக் கேட்டுப் பாருங்கள். பேசித் தீர்க்க வந்தால் தாராளமாகப் பேசுங்கள், ஆனால் ஒப்பந்தம் ஆணையரிடம் பதிவாக வேண்டும். காவல் வேலை பிடித்திருந்தால் கணவர் சேரட்டும். அதைக் காட்டி இழப்பீட்டை விட்டுத்தரச் சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

தம்பிக்கும், புதிய சட்டத் தொகுப்பின் கீழ், இதே உரிமை உண்டு. குவாரித் தூசியால் நுரையீரல் கெட்டால் அதையும் தொழில்நோய் என்றே சட்டம் பார்க்கிறது. விபத்து கேரளத்தில் நடந்தாலும், அவர் நிரந்தரமாகக் குடியிருப்பது இங்கே என்றால் இங்கேயே மனு கொடுக்கலாம். கொல்லத்துக்கு அலைய வேண்டியதில்லை. எந்தக் குவாரி, யார் ஒப்பந்தக்காரர், என்றிலிருந்து வேலை என்பதை ஒரு நோட்டில் எழுதி உங்கள் வீட்டில் வைத்துப் போகச் சொல்லுங்கள்.