நெஞ்சுவலியை வாயு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், மறுநாள் மாரடைப்பு. மருத்துவமனை மீது சட்டப்படி என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியில் இருக்கும் விவரம் இவ்வளவு: அப்பாவுக்கு நெஞ்சுவலி, தனியார் மருத்துவமனையில் ஒரே ஒரு ஈசிஜி, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் வேறு மருத்துவமனையில் மாரடைப்பு என்று தெரிந்தது. உயிர் தப்பிவிட்டார், ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது.

வக்கீல் நோட்டீஸ் பிறகு போகட்டும். முதலில் ஆவணங்களைக் கைப்பற்றுங்கள். நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. பதிவுகளைக் கேட்டு அப்பா கையெழுத்திட்ட கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அதே விதிகளில் 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது உள்நோயாளிப் பதிவுகளுக்குத்தான். அப்பா புறநோயாளியாகப் பார்த்துவிட்டு வந்தவர் என்றால், அந்த ஓபி சீட்டும் பில்லும் உங்களிடம் மட்டுமே இருக்கக்கூடும்.

ஈசிஜி தாளை இன்றே ஜெராக்ஸ் எடுங்கள். பெரும்பாலும் அது வெப்பத்தில் அச்சாகும் தாள். நாளாக ஆக மங்கிவிடும். அதன் ஓரத்தில் இயந்திரமே அச்சடித்த தேதியும் நேரமும் இருக்கும். பின்னால் யாராவது கேஸ் ஷீட்டில் கைப்பட எழுதிச் சேர்த்தாலும், இந்த நேரத்தோடு ஒப்பிட்டால் அகப்பட்டுவிடும். இரண்டாவது மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை, ஆஞ்சியோ (இதய ரத்தக் குழாய்ப் படம்) சிடி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

இனி வழக்கின் உயிர்நாடிக்கு வருவோம். நோயைத் தவறாகக் கணித்தார் என்பது மட்டும் சட்டத்தில் அலட்சியம் ஆகாது. அதே அறிகுறிகளோடு வந்தவருக்கு, அந்த நேரத்தில், சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் என்ன செய்திருப்பார் என்பதே அளவுகோல். முதல் ஈசிஜி இயல்பாக இருந்தாலும் மாரடைப்பு இருக்கலாம். அதனால்தான் சந்தேகம் இருந்தால் ஈசிஜியைத் திரும்ப எடுப்பதும், இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் செய்வதும் வழக்கம். இவை எதுவும் நடக்கவில்லை என்றால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. அதோடு இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும்: அன்றே கண்டுபிடித்திருந்தால் இதயத்துக்கு இவ்வளவு சேதம் வந்திருக்காது என்பதை. பல வழக்குகள் தோற்பது இந்த இரண்டாவது படியில்தான்.

அதற்கு ஓர் இதயநோய் நிபுணரின் எழுத்துபூர்வக் கருத்து வேண்டும். உள்ளூர் மருத்துவர்கள் தயங்குவார்கள். வெளியூரில், ஓய்வுபெற்ற பேராசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். மலேரியாவுக்கு டைபாய்டு சிகிச்சை அளித்து நோயாளி இறந்த கிஷன் ராவ் வழக்கில், எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள்.

உங்களுக்குச் சரியான இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து முடிவாவதில்லை. மருத்துவமனைக்குச் செலுத்திய தொகையை வைத்துத்தான். அது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. ஆகவே சில ஆயிரம் பில் கட்டியவர் 30 லட்சம் இழப்பீடு கேட்டாலும் கட்டணம் இல்லை. மருத்துவமனையைக் கட்டாயம் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஊழியர்களின் அலட்சியத்துக்கு அதுவே பொறுப்பு.

காலவரம்பு 2 ஆண்டு. அதை அப்பாவைத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்தே கணக்கிடுங்கள், பிறகு வாதாட வேண்டிய அவசியம் வராது. எதிர்தரப்பு பதில் தர 30 நாள், அதிகபட்சம் இன்னும் 15 நாள். தீர்ப்பு சட்டத்தில் சொன்ன மாதக் கணக்கில் வராது, ஆண்டுகள் ஆகும். அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

மாநில மருத்துவக் கவுன்சிலிலும் தனியாகப் புகார் தரலாம். அவர்களால் பதிவேட்டிலிருந்து மருத்துவரின் பெயரைத் தற்காலிகமாக நீக்க முடியும், பணம் வாங்கித் தர முடியாது. போலீஸ் புகாரை நான் பரிந்துரைக்க மாட்டேன். குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது.

எல்லாருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம் எடுக்காது. சிவில் வழக்கோ உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோதான் (அரசு அமைப்புகளுக்கு எதிராக நேரடியாகப் போடும் மனு) வழி. காப்பீட்டில் பில் கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான்.

கடைசியாக, ஓபி சீட்டின் அடியில் "வலி திரும்பினால் உடனே வரவும்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனையின் முதல் தற்காப்பு அதுவாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தபின் வலி திரும்பியிருந்தால், நீங்கள் எத்தனை மணிக்கு யாரை அழைத்தீர்கள் என்பதை, போன் கால் பதிவுகளோடு இப்போதே எழுதி வையுங்கள்.