பனிமூட்டத்தில் நிற்கும் போர்டு: 13 வோல்ட்டா, 5 வோல்ட்டா?

கேள்வி: கோத்தகிரி அருகே, பச்சைத் தேயிலையை வாட வைக்கும் தொட்டிகளின் விசிறிகளுக்கு டைமர் போர்டு செய்து கொடுக்கிறேன். அதில் உள்ள சிப், புரோகிராம் ஏற்றி ஓடவிடும் மைக்ரோகண்ட்ரோலரான பிக் 16எஃப்877ஏ. விடியற்காலையில் மூட்டம் இறங்கும்போது சில போர்டுகள் அப்படியே நின்றுவிடுகின்றன. வெயில் ஏறிய பிறகு ஆஃப் செய்து போட்டால் ஓடுகின்றன. சிப்பில் புரோகிராம் ஏற்றித் தருபவர், 5 வோல்ட் முறைதான் பாதுகாப்பு, 13 வோல்ட் கொடுத்தால் சிப் கெட்டுவிடும் என்கிறார். எந்த முறையில் ஏற்றுவது?

பதில்: 13 வோல்ட் முறையில் ஏற்றுங்கள். ஏற்றும்போதே எல்விபி என்ற செட்டிங்கை ஆஃப் செய்யுங்கள். உங்கள் போர்டு நிற்பதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த எல்விபியைத்தான்.

காரணம் இது. எல்விபி என்பது 5 வோல்ட்டிலேயே புரோகிராம் ஏற்ற வழிவிடும் செட்டிங். புது சிப்பில் அது ஆன் நிலையில்தான் வரும். ஆன் நிலையில் இருக்கும்வரை 36-வது பின், அதாவது ஆர்பி3, உங்களுக்குச் சொந்தமில்லை. அந்தப் பின்னில் 5 வோல்ட் தெரிந்தால், 'யாரோ புரோகிராம் ஏற்ற வருகிறார்கள்' என்று சிப் உங்கள் வேலையை நிறுத்திவிடும். எங்கும் இணைக்காமல் தொங்கவிட்ட பின்னுக்கு, போர்டில் மிச்சமிருக்கும் ஃப்ளக்ஸ் (சால்டர் செய்யும்போது படியும் பசை) மீது படியும் ஈரமே போதும். பக்கத்தில் விசிறி மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் கான்டாக்டர் அடித்தால் கேட்கவே வேண்டாம். சமவெளியில் வருஷக்கணக்கில் ஓடும் போர்டு மலையில் மூன்றே மாதத்தில் பெயரைக் கெடுப்பது இப்படித்தான்.

13 வோல்ட் சிப்பைக் கெடுக்கும் என்பது வெறும் பயமுறுத்தல். அந்த மின்னழுத்தம் 1-வது பின்னான எம்சிஎல்ஆருக்கு (ரீசெட் பின்) மட்டும், ஏற்றும் சில நொடிகளுக்கு மட்டும் போகிறது. இந்தச் சிப்பில் அந்தப் பின் தாங்கும் உச்ச வரம்பு 14 வோல்ட். உண்மையில் என்ன நடக்கிறது என்றால், மலிவான புரோகிராமரில் 13 வோல்ட் உண்டாக்கும் சர்க்யூட் இல்லை. அதை வைத்திருப்பவர் எல்விபியை ஆஃப் செய்ய நினைத்தாலும் முடியாது, ஏனென்றால் 5 வோல்ட் முறையில் உள்ளே போய் அந்தச் செட்டிங்கை மாற்றச் சிப் விடாது. தங்களிடம் கருவி இல்லாததையே 'பாதுகாப்பு' என்று விற்கிறார்கள். எல்விபியை ஆஃப் செய்தால் சிப் பூட்டிக்கொள்ளும் என்றும் சொல்வார்கள், நம்பாதீர்கள். 13 வோல்ட் வழி எப்போதும் திறந்தே இருக்கும்.

இன்னொரு வலையும் உண்டு. சிலர் கோட் புரொடெக்டை, அதாவது புரோகிராமைப் படிக்க விடாத பூட்டை, ஆன் செய்து ஏற்றித் தருவார்கள். அந்தச் சிப்பைப் படித்தால் பூஜ்யம்தான் வரும். நாளைக்கு ஒரு டைமர் நேரம் மாற்ற வேண்டுமென்றாலும் அவரிடமே போக வேண்டும், அவர் சொல்வதே விலை. காசு கொடுத்து எழுதி வாங்கிய புரோகிராம் என்றால் ஹெக்ஸ் ஃபைலை, அதாவது சிப்பில் ஏற்றும் ஃபைலை, கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் அதைப் புரோகிராமர் மென்பொருளில் திறந்து, 2007 (ஹெக்ஸ்) முகவரியில் உள்ள கான்ஃபிக் வேர்டில் (சிப்பின் செட்டிங்குகள் இருக்கும் இடம்) 7-வது பிட் (0-விலிருந்து எண்ணி) 0 ஆக இருக்கிறதா பாருங்கள். 0 என்றால் எல்விபி ஆஃப்.

பிக்கிட் 3 போன்ற புரோகிராமர் உங்களுக்குப் போதும். இணைப்பு: பின் 1 எம்சிஎல்ஆர், 39 கிளாக், 40 டேட்டா, 11, 32 இரண்டும் 5 வோல்ட், 12, 31 இரண்டும் கிரவுண்ட். ஒயர் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். 39, 40-இல் கெப்பாசிட்டரோ எல்இடியோ தொங்கக் கூடாது. போர்டுக்கு அதன் சொந்த சப்ளையையே கொடுங்கள். பிக்கிட் 3 தருவது 30 மில்லி ஆம்பியர், ஒரு ரிலே இழுத்தாலே அது இறங்கிவிடும். சிப்பை முழுதாக அழிக்கக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். பிரவுன் அவுட் ரீசெட்டையும் ஆன் செய்யுங்கள். மோட்டார் கிளம்பும்போது சப்ளை 4 வோல்ட் அருகே சரிந்தால் சிப் உளறாமல் சுத்தமாக ரீசெட் ஆகும்.

13 வோல்ட் கொடுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு, இதை நிதானமாகப் படியுங்கள். சில போர்டுகளில் 1-வது பின்னை நேராக 5 வோல்ட் லைனிலேயே வைத்துவிடுகிறார்கள். அதில் 13 வோல்ட் கொடுத்தால் அது முழு லைனிலும் பாய்ந்து மற்ற ஐசிகளைத் தாக்கும். டிராக்கை வெட்டி, நடுவே 10 கே (10,000 ஓம்) ரெசிஸ்டர் போடுங்கள். அதனுடன் வரிசையில் ஒரு 1என்4148 டயோடும் இருந்தால் நல்லது. கோடு போட்ட முனை சிப் பக்கம். ரீசெட் பின்னில் கெப்பாசிட்டர் இருந்தால் 13 வோல்ட் வேகமாக ஏறாது, எடுத்துவிடுங்கள். தனி ரீசெட் ஐசி நேராக இணைந்திருந்து, சிப்பும் சாக்கெட் இல்லாமல் சால்டர் செய்யப்பட்டிருந்தால், அங்கே மட்டும் 5 வோல்ட் முறையை ஏற்றுக்கொள்ளலாம். அப்போதும் 36-வது பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கே கட்டாயம், அந்தப் பின்னை வேறு எதற்கும் தொடக் கூடாது, போர்ட் பி புல் அப் (ஆர்பி பின்களைச் சிப்புக்குள்ளேயே 5 வோல்ட் பக்கம் இழுக்கும் வசதி) ஆனில் இருந்தால், புரோகிராமில் டிரிஸ்பி என்ற ரெஜிஸ்டரின் 3-வது பிட்டை (0-விலிருந்து எண்ணி) 0 ஆக்க வேண்டும்.

சிப் மாறினால் கணக்கும் மாறும். இன்னொரு பிக் சிப்பான 16எஃப்1937-க்கு எம்சிஎல்ஆர் பின்னின் வரம்பு 9 வோல்ட்தான். மென்பொருளில் சிப் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு ரூபாய் பெறாத இந்த 10 கே ரெசிஸ்டரைப் போர்டு செய்பவர்கள் ஏன் விடுகிறார்கள் என்றால், குறைந்த கொட்டேஷனுக்கே ஆர்டர் என்ற வழக்கம்தான். போர்டு நின்று ஒரு தொட்டி இலை வீணானால் அந்த நஷ்டம் எந்தக் கொட்டேஷனிலும் வராது.

ஏற்கெனவே பொருத்திய போர்டுகளை உடனே கழற்ற வேண்டாம். பின் 36-க்கும் 31-க்கும் இடையே அடிப்பக்கம் 10 கே சால்டர் செய்து, ஒரு வாரம் காலை மூட்டத்தில் ஓட விடுங்கள். நிற்கவில்லை என்றால் நோய் தெரிந்துவிட்டது. சர்வீஸுக்கு வரும்போது 13 வோல்ட்டில் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பிறகும் நின்றால் 13, 14 பின்களில் உள்ள கிரிஸ்டலைச் சுற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஃப்ளக்ஸைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் வார்னிஷ் கோட்டிங் கொடுங்கள். கனெக்டர்களை டேப்பால் மூடிவிட்டு அடியுங்கள்.