அடுத்த ரயிலுக்கு இன்னும் ஐந்து மணி நேரம்

ரயில் மாறிப் போகிறவர்கள் கேட்ட கேள்விகள் இம்முறை. பெரும்பாலானவை சென்னை சென்ட்ரலையும் எழும்பூரையும் பற்றி வந்திருப்பதால் பதில்களும் அவற்றையொட்டியே இருக்கின்றன. விதிகள் எல்லா நிலையங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: ஈரோட்டிலிருந்து சென்ட்ரல் வந்து, அங்கிருந்து ஹவுரா ரயிலைப் பிடிக்க வேண்டும். நடுவில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. போதுமா? முதல் ரயில் லேட்டாகி அடுத்ததைத் தவறவிட்டால் டிக்கெட் பணம் அவ்வளவுதானா? (வாசகர், ஈரோடு)

போதாது. சென்ட்ரல் ஒரு முனைய நிலையம். அங்கே வரும் ரயில் எதுவும் நின்றுவிட்டு மேலே போய்விடாது. உள்ளே நிற்கும் ரயில் கிளம்பினால்தான் அடுத்ததற்கு நடைமேடை கிடைக்கும். அதுவரை பேசின் பிரிட்ஜ் அருகே சிக்னலுக்காக நிற்க வேண்டியதுதான். பெரம்பூர் வரை சரியான நேரத்துக்கு வந்த ரயிலும் அந்தக் கடைசி சில கிலோமீட்டரில் தேங்கிவிடுவது உண்டு. இதைக் கணக்கில் வைத்துத்தான் அட்டவணையில் முனையத்துக்கு முந்தைய பகுதிக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்குகிறார்கள். பத்து, பதினைந்து நிமிடத் தாமதம் அதிலேயே சரியாகிவிடும். ஒரு மணி நேரத் தாமதத்தை அது தாங்காது.

தமிழ்நாட்டுக்குள்ளிருந்தே வருகிற ரயில் என்றால் மூன்று மணி நேரமாவது விடுங்கள். இரண்டு நாள் ஓடி வடக்கிலிருந்து வருகிற ரயில் என்றால் ஐந்தாறு மணி நேரம் வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதையும் தாண்டி விடுவது நல்லது. ஆனால் இடைவெளியைவிட முக்கியமான ஒன்றைப் பலர் பார்ப்பதே இல்லை: இரண்டாவது ரயில் தினசரி ரயிலா, வாராந்திர ரயிலா? தினசரி என்றால் தவறவிட்டாலும் மறுநாள் ஒன்று இருக்கிறது. வாரம் ஒருமுறை ஓடுவது என்றால் முந்தின நாளே வந்து சென்னையில் தங்கிவிடுங்கள். அறை வாடகையை நினைத்துத் தயங்க வேண்டாம்.

பணத்துக்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு டிக்கெட்டுகளின் பிஎன்ஆர் எண்களையும் இணைக்கும் வசதி 2019 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ளது. இணைத்திருந்தால், முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டபோது, இரண்டாவது டிக்கெட்டின் கட்டணம் ரத்துக் கட்டணப் பிடித்தமின்றித் திரும்ப வரும். இணைக்காதவர்களுக்கு ரயில்வேயைப் பொறுத்தவரை அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பயணங்கள். சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்ட பிறகு உறுதியான டிக்கெட்டோடு நீங்கள் வரவில்லை என்றால் அது உங்கள் பொறுப்பு என்றே முடித்துவிடுவார்கள்.

இணைப்பது எளிது. ஐஆர்சிடிசியில் முதல் டிக்கெட்டை எடுத்த பிறகு, முன்பதிவுப் பட்டியலில் அந்த டிக்கெட்டைத் திறந்து, இணைப்புப் பயணம் என்ற தேர்வின் வழியாக இரண்டாவதை எடுக்க வேண்டும். கவுண்டரில் எடுப்பவர்கள் முன்பதிவுப் படிவத்தில் முதல் பிஎன்ஆரை எழுதி, இரண்டையும் இணைக்கும்படி வாய்விட்டும் சொல்லுங்கள். கேட்காமல் யாரும் செய்து தரமாட்டார்கள். பெயர், வயது, பாலினம் மூன்றும் இரண்டு டிக்கெட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல் முன்னாலும் மற்றதில் பின்னாலும் இருந்தால் இணைப்பு அங்கேயே சிக்கிக்கொள்ளும். முதல் ரயிலில் இறங்கும் நிலையத்திலேயே அடுத்த ரயிலில் ஏறுவதுபோல் எடுப்பது சிக்கலில்லாதது. உங்கள் பயணத்தில் இரண்டுமே சென்ட்ரல் என்பதால் கவலையில்லை.

தவறவிட்டுவிட்டால் மூன்று மணி நேரம்தான் அவகாசம். முதல் ரயில் சென்னைக்கு உண்மையில் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து அதைக் கணக்கிடுவார்கள். அதற்குள் இ-டிக்கெட் வைத்திருப்பவர்கள் ஐஆர்சிடிசியில் டிடிஆர் எனப்படும், பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் பதிய வேண்டும். கவுண்டர் டிக்கெட்டை கவுண்டரில் ஒப்படைக்க வேண்டும். நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள்தான் பெரும்பாலும் பணத்தை இழக்கிறார்கள்.

இந்த இணைப்பு பணத்தை மட்டுமே காப்பாற்றும். அடுத்த ரயில் உங்களுக்காக நிற்காது. மறுநாள் ரயிலில் இடமும் தானாகக் கிடைத்துவிடாது.

கேள்வி: செங்கோட்டையிலிருந்து எழும்பூர் வந்து, சென்ட்ரலில் வேறு ரயில் ஏற வேண்டும். மூட்டை முடிச்சுகளோடு எப்படிப் போவது? (வாசகி, தென்காசி)

முதலில் டிக்கெட்டைத் திரும்பப் பாருங்கள். எழும்பூரில் சீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்துகிறார்கள். டிக்கெட் எடுத்த பிறகும் இப்படி மாறலாம் என்பதால் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள். தாம்பரம் என்றால் புறநகர் ரயிலில் ஏறி, சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பூங்கா நிலையத்தில் இறங்க வேண்டும். காத்திருப்பு, படியேற்றம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எழும்பூர் என்றால் சென்ட்ரல் இரண்டு கிலோமீட்டர் தூரம்தான். மெட்ரோவின் பச்சை வழித்தடத்தில் அடுத்த நிலையமே சென்ட்ரல். லிஃப்ட் இருப்பதால் பெட்டிகளோடு வருபவர்களுக்கு இதுவே வசதி. பைகளை ஸ்கேனரில் விட்டு எடுக்கும் வரிசைக்கு ஐந்து நிமிடம் போகும். புறநகர் ரயிலிலும் ஒரே நிலையம்தான். ஆனால் பூங்காவில் இறங்கிப் பூந்தமல்லி நெடுஞ்சாலையைச் சுரங்கப்பாதையில் கடக்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பு மெட்ரோ ஓடாது. அந்நேரத்தில் ஆட்டோதான். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள், அல்லது செயலியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் டிக்கெட்டில் ரயில் 00.15 என்று போட்டிருக்கிறது, தேதி 15. நான் எந்த இரவு நிலையத்தில் இருக்க வேண்டும்? (வாசகர், கரூர்)

14-ஆம் தேதி இரவு. 14 முடிந்து 15 பிறந்த கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். 15-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்தால் ரயில் போய் ஏறக்குறைய ஒரு நாள் ஆகியிருக்கும். இதே குழப்பம் செயலியில் ரயில் எங்கே வருகிறது என்று பார்க்கும்போதும் வரும். அங்கே கேட்பது ரயில் புறப்பட்ட ஊரில் அது கிளம்பிய தேதி. இரண்டாம் நாள் உங்கள் ஊருக்கு வரும் ரயிலுக்கு இன்றைய தேதியைக் கொடுத்தால், இன்னும் கிளம்பாத வேறொரு வண்டியின் விவரத்தைத்தான் அது காட்டும்.

கேள்வி: காத்திருப்பு அறையில் யார் யார் உட்காரலாம்? அக்காவும் அவள் பத்து வயது மகனும் தனியாக வருகிறார்கள். மகளிர் அறையில் பையனை விடுவார்களா? (வாசகர், மயிலாடுதுறை)

12 வயதுக்கு உட்பட்ட பையன் அம்மாவோடு மகளிர் அறையில் இருக்கலாம். தயங்காமல் போகச் சொல்லுங்கள்.

பொதுவாக இரண்டு வகை அறைகள் உண்டு. ஏசி, முதல் வகுப்பு டிக்கெட் உள்ளவர்களுக்கு உயர் வகுப்பு அறை. ஸ்லீப்பர், இரண்டாம் வகுப்புக்காரர்களுக்குப் பொது அறை. வாசலில் இருப்பவர் டிக்கெட்டைப் பார்த்துப் பதிவேட்டில் பிஎன்ஆர் எண்ணை எழுதச் சொல்வார். மாறிப் போகிறவர்கள் அடுத்த ரயில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். இறங்கிய ரயிலின் டிக்கெட்டை மட்டும் காட்டினால் நெடுநேரம் இருக்க விடமாட்டார்கள். முதல் டிக்கெட் ஸ்லீப்பர், அடுத்தது ஏசி என்றால் ஏசி டிக்கெட்டைக் காட்டி உயர் வகுப்பு அறைக்கே போகலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

உள்ளே போனதும் செய்ய வேண்டியது ஒன்று: அறிவிப்பு அங்கே தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். ஏசி அறைக் கதவு சாத்தியிருந்தால் ஒலிபெருக்கி முணுமுணுப்பாகத்தான் கேட்கும். நடைமேடை கடைசி நேரத்தில் மாறினால் உங்களுக்குத் தெரியவராது. ரயிலுக்கு முக்கால் மணி நேரம் முன்பு அலாரம் வைத்துக்கொண்டு, வெளியே வந்து எண் பலகையைப் பார்த்துவிடுங்கள். பிளக் பாயின்ட்டுகள் குறைவாக இருக்கும். மூன்று பின் நுழையும் சிறிய மல்டி பிளக் ஒன்று பையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் உதவும். நிலையத்தில் கிடைக்கும் ரயில்வயர் வைஃபை, மொபைல் எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்ததும் முதல் அரை மணி நேரம் இலவசம்.

கேள்வி: இரவு பதினொன்றுக்கு இறங்கி, காலை ஏழுக்கு அடுத்த ரயில். லாட்ஜுக்குப் போகாமல் நிலையத்திலேயே படுக்க வழி உண்டா? (வாசகர், நாகர்கோவில்)

ரிட்டயரிங் ரூம் எனப்படும் ஓய்வு அறைகளும், படுக்கை மட்டும் தரும் டார்மிட்டரியும் இதற்காகவே இருக்கின்றன. ஐஆர்சிடிசி தளத்தில் பிஎன்ஆரைக் கொடுத்துப் பதிவு செய்யலாம். டிக்கெட் உறுதியாகவோ ஆர்ஏசியாகவோ (உட்கார இடம் மட்டும் உறுதியானது) இருக்க வேண்டும். வெயிட்டிங் லிஸ்ட்டுக்குக் கிடையாது. ஒரு பிஎன்ஆரில் ஏறும் நிலையத்தில் அறை கேட்கலாம் அல்லது இறங்கும் நிலையத்தில் கேட்கலாம். வழியில் உள்ள ஊரில் கேட்க முடியாது. உங்களுக்கு இரண்டு டிக்கெட் இருப்பதால் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

அறைகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். மதுரை போன்ற கோவில் ஊர்களில் வார இறுதிக்கு முன்கூட்டியே நிரம்பிவிடும். டிக்கெட் எடுத்த அன்றே அறையையும் பாருங்கள். மணிக்கணக்கில் தரும் நிலையங்களில், ரயில் வந்து சேரும் அதே நிமிடத்திலிருந்து அறை எடுக்காமல், ரயில் தாமதமாகலாம் என்பதால் ஒரு மணி நேரம் தள்ளி எடுங்கள்.

கேள்வி: பெட்டியைக் க்ளோக் ரூமில் வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்வர நினைத்தோம். பூட்டு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது விதியா? (வாசகி, சேலம்)

விதிதான். பூட்டாத பையை வாங்கமாட்டார்கள். உள்ளே இருந்தது காணோம் என்று பிறகு சொன்னால் யாராலும் நிரூபிக்க முடியாது. ஜிப்பின் இரண்டு இழுப்பான்களையும் சேர்த்துப் போடுகிற சிறிய பூட்டே போதும். முதுகுப்பையில் முன்பக்கம் இருக்கும் சின்ன அறைகளுக்கும் பூட்டு கேட்பார்கள் என்பதால், இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள். கட்டுச்சோறு, பழம் போன்ற கெட்டுப்போகும் பொருட்களை வெளியே எடுத்துவிடுங்கள். கட்டணம் ஒவ்வொரு பைக்கும் தனித்தனி, 24 மணி நேரக் கணக்கு. ஆகவே நான்கு சிறு பைகளை ஒரு பெரிய பைக்குள் அடக்குவது லாபம். ரசீதை வாங்கியதும் போனில் படமெடுத்துவிட்டு அசலைப் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால் பொருள் உங்களுடையதுதான் என்று உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். ரயிலுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அது நடக்கிற காரியமில்லை.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. நடைமேடை மாறிப் போக வேண்டும். (வாசகி, திண்டுக்கல்)

சக்கர நாற்காலியை நிலைய மேலாளர் அலுவலகத்தில் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. தள்ளிவர போர்ட்டரை அழைத்தால் அவருக்கு மட்டும் கூலி. சென்ட்ரலில் நடைமேடைகளின் தலைமாட்டிலேயே ஒரே சமதளத்தில் நடந்துவிடலாம், படி ஏற வேண்டியதில்லை. எழும்பூரில் மேம்பாலம்தான், எந்த லிஃப்ட் வேலை செய்கிறது என்று இறங்கியதும் போர்ட்டரிடமே விசாரியுங்கள். அம்மாவை அறையில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் முதலில் போய்ப் பெட்டி எங்கே நிற்கும் என்று காட்டும் பலகையைப் பார்த்துவந்தால், இருபத்துச் சொச்சம் பெட்டி நீளத்தை அவர் நடந்து தேட வேண்டியிருக்காது.

கேள்வி: நிலையத்தில் மலிவாக, வயிற்றைக் கெடுக்காமல் சாப்பிட என்ன இருக்கிறது? (வாசகர், அரக்கோணம்)

ரயில்வே உணவகக் கவுண்டர்களில் 20 ரூபாய் சாப்பாடு கேளுங்கள்: ஏழு பூரியும் கிழங்கும், அல்லது தயிர் சாதம், எலுமிச்சை சாதம் போன்றவை. பலகையில் எழுதியிருந்தாலும் கேட்டால்தான் எடுத்துத் தருகிற கடைகள் உண்டு. கோடையில் தயிர் சாதத்தைக் காலையிலேயே வாங்கி மதியம்வரை வைத்திருக்காதீர்கள். ரயில் நீர் ஒரு லிட்டர் 2025 செப்டம்பர் முதல் 14 ரூபாய். கூடுதலாகக் கேட்டால் ரசீது கேளுங்கள், தராவிட்டால் ரயில்வே உதவி எண் 139-ஐ அழையுங்கள்.

கேள்வி: காத்திருக்கும்போது கண்ணயர்ந்து பை திருடு போனால், புகார் கொடுக்க நின்று அடுத்த ரயிலை விட வேண்டுமா? (வாசகர், விழுப்புரம்)

வேண்டாம். உடனே 139-ஐ அழைத்து எந்த நிலையம், எந்த இடம், எத்தனை மணி என்று சொல்லிவிடுங்கள். வழக்குப் பதிவது மாநில அரசின் ரயில்வே காவல் நிலையம். ஆர்பிஎஃப் எனப்படும் ரயில்வே பாதுகாப்புப் படை வேறு. நேரம் இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ரயில் ஏறியபின் டிக்கெட் பரிசோதகரிடமோ பாதுகாப்புக்கு வரும் காவலரிடமோ எஃப்ஐஆர் படிவம் வாங்கிப் பூர்த்தி செய்து கொடுக்கலாம். அதை உரிய காவல் நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. பையின் நிறம், கம்பெனிப் பெயர், உள்ளே இருந்தவை ஒவ்வொன்றையும் எழுதுங்கள். போன் இருந்திருந்தால் அதன் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் வேண்டும். அந்த எண்ணை இப்போதே வீட்டில் ஒரு தாளில் குறித்து வையுங்கள். போன் போன பிறகு போனுக்குள் தேட முடியாது.