மீன் வாடையும் ஆத்தங்குடிக் கல்லும்

வணக்கம் சகோதரி. வஞ்சிரம் கழுவின ஆத்தங்குடிக் கல் தரையில் சோடாத்தூள் போட்டுத் தேய்த்ததும் வாடை கூடியது, அடுத்து வினிகர் ஊற்றலாமா என்று கேட்டிருந்தீங்க. தயவுசெய்து வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சிமெண்ட்டில் செய்தது. புளிப்பு எதுவானாலும் மேல்பூச்சை அரிக்கும், பூவேலை மங்கிவிடும்.

அந்த வாடைக்குப் பெயர் ட்ரைமெத்திலமின். கடல்மீனின் சதையில் இருக்கும் வாசனையில்லாத ஒரு பொருளை பாக்டீரியா இப்படி மாற்றிவிடுகிறது. கொதிநிலை சுமார் 3 டிகிரிதான், அதனால் நம்ம சமையலறையில் ஆவியாகவே திரியும். இது அமிலத்துக்கு எதிரான காரப்பொருள். புளி, வினிகர் போன்ற அமிலம் பட்டால் உப்பாகி அடங்கும்; சோடா அந்த உப்பைத் திரும்பப் பிரித்து வாடையைக் கிளப்பும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

ஆகவே புளிக்கரைசலை மீனுக்கும் சட்டிக்கும் கைக்கும் வைத்துக்கொள்ளுங்க. எங்க ஆச்சி குழம்புக்குப் புளி கரைத்த சக்கையை எறியவே மாட்டாங்க, மீன்சட்டி தேய்க்க எடுத்து வைப்பாங்க. தரைக்கு வெறும் தண்ணீர் போதும், இந்த வாடைப்பொருள் தண்ணீரில் நன்றாகக் கரையும். மூன்று நான்கு தடவை அலசி, துடைத்து, முற்றத்துக் கதவைத் திறந்து வையுங்க. காய்ந்தபின் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளப்பு வரும்.

விஷப்பொருளோ என்று பயந்திருந்தீங்க. மீனிலிருந்து வரும் இந்த அளவுக்குப் பயம் வேண்டாம். ஆலைகளில் மெத்தனாலும் அம்மோனியாவும் சேர்த்து இதைத் தயாரிக்கிறாங்க. கோழித்தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடு இதிலிருந்துதான் வருகிறது. அங்கே சிலிண்டரில் அடைத்த வாயு, தீப்பிடிக்கும், கண்ணையும் மூச்சையும் தாக்கும். அது வேறு கதை.