இரண்டடித் தூரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பருவத்தின் கடைசி வாரத்தில் எங்கள் கோல்ஃப் மன்றத்துக்கும் இன்னொரு மன்றத்துக்கும் நட்பு ஆட்டம் நடந்தது. அணிக்கு எட்டுப் பேர், ஒருவருக்கு ஒருவர், குழிக்குக் குழி வெற்றியை எண்ணும் மேட்ச் பிளே. ஏழு ஆட்டங்கள் முடிந்தபோது மூன்றரைக்கு மூன்றரை. எட்டாவது ஆட்டம் என்னுடையது. பதினெட்டாவது குழிக்கு வந்தபோது நாங்களும் சமம். அந்தக் குழியில் யாருக்கும் சலுகை அடி (பலவீனமான ஆட்டக்காரருக்குக் கழித்துக் கொடுப்பது) இல்லை. நான் ஐந்து அடிகளில் முடித்துவிட்டேன். அவரும் ஐந்தில் முடிக்க இரண்டடித் தூரம் பாக்கி. இவ்வளவு கிட்டே என்றால் 'எடுத்துக்கொள்ளுங்கள், போட்டதாகவே வைத்துக்கொள்வோம்' என்று எதிராளி சொல்வதுண்டு. நான் எதுவும் சொல்லவில்லை. அவர் தட்டினார், பந்து விளிம்பில் சுற்றி வெளியே நின்றுவிட்டது. தொப்பியைக் கழற்றிக் கைகொடுத்தார். நாங்கள் வென்றோம்.

அன்று இரவு விருந்தில் என் அணியினரே என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுவரை அந்தத் தூரத்தையெல்லாம் நான் விட்டுக்கொடுத்து வந்தது உண்மை. ஆனால் கடைசிக் குழியில் என் அணியை எப்படி விட்டுக்கொடுப்பது? நான் செய்தது தவறா? ஹேண்டிகேப் (சலுகை அடிக் கணக்கு) பதினாறு என்று சொல்லிக்கொண்டு அவர் ஆடியது பத்துக்காரரின் ஆட்டம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நட்பு ஆட்டத்துக்குக் கோப்பை எதற்கு என்றும் தோன்றுகிறது.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தில் 'விட்டுக்கொடுப்பது' என்ற சொல் இரண்டு முறை, இரண்டு பொருளில் வருகிறது. பந்தை விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை, அணியை விட்டுக்கொடுப்பது துரோகம். தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்து உங்களை நன்றாக மாட்டிவிட்டிருக்கிறது. நானும் பல நாட்களாக இந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டிருந்தேன். இல்லையென்றால் கோல்ஃப் கடிதத்துக்கெல்லாம் பதில் எழுதுகிறவன் அல்ல நான்.

முதலில் சில்லறைகளைத் தள்ளிவிடுகிறேன். ஹேண்டிகேப் என்பது கடைசி 20 சுற்றுகளில் சிறந்த எட்டை வைத்துக் கணக்கிடுவது. ஒருவர் ஒரு நாள் நன்றாக ஆடினால் அது மோசடி ஆகாது. தோற்றவர் இந்தப் புகாரைச் சொன்னால் பரிதாபப்படலாம். வென்ற பிறகு நீங்கள் சொல்வதை என்னவென்பது? கோப்பை பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

விதிப்படி நீங்கள் தவறு செய்யவில்லை. எதிராளி சொன்னால்தான் பந்தை எடுக்கலாம். மௌனம் சம்மதம் என்ற வழக்கு குழியைச் சுற்றிய கிரீனில் செல்லாது. அமெரிக்க, ஐரோப்பியப் பெண்கள் அணிகள் மோதும் சோல்ஹைம் கோப்பையில், 2015இல், அமெரிக்காவின் ஆலிசன் லீ, சுமார் ஒன்றரை அடித் தூரத்துப் பந்தை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கையில் எடுத்தார். யாரும் விட்டுக்கொடுக்கவில்லை என்றார் எதிரணியின் சுசான் பெட்டர்சன். குழியும் ஆட்டமும் ஐரோப்பாவுக்குப் போயின. ஆனால் அன்றைய தனி ஆட்டங்களில் அமெரிக்கா திரும்பி வந்து 14½–13½ என்று கோப்பையையே எடுத்துக்கொண்டது. மறுநாள் பெட்டர்சன் மன்னிப்புக் கேட்டார். விதி அவர் பக்கம்தான் இருந்தது.

இந்த இடத்தில் எல்லோரும் அமெரிக்க, பிரிட்டன் ஆண்கள் அணிகள் மோதிய 1969 ரைடர் கோப்பையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ராயல் பர்க்டேல் மைதானத்தில் கடைசிக் குழியில் பிரிட்டனின் டோனி ஜாக்லினுக்கு இரண்டடியை ஒட்டிய தூரத்தை அமெரிக்காவின் ஜாக் நிக்லாஸ் விட்டுக்கொடுத்தார், 16–16 என்று சமமானது, என்ன பெருந்தன்மை! உங்கள் அணியினரும் விருந்தில் இதைச் சொல்லியிருப்பார்கள். இரண்டு விஷயங்களை மட்டும் சௌகரியமாக மறந்திருப்பார்கள். நிக்லாஸ் முதலில் தன் பந்தைக் குழியில் போட்டுவிட்டுத்தான் ஜாக்லினின் பந்து இருந்த இடத்தில் வைத்த அடையாளத்தை எடுத்தார். கோப்பை ஏற்கெனவே அமெரிக்காவிடம் இருந்ததால் சமமானாலும் அது அவர்களிடமே தங்கும். அப்படியிருந்தும் அவருடைய அணித் தலைவர் சாம் ஸ்னீடுக்கு அது பிடிக்கவில்லை. ஆகவே அந்தக் கதையைக் காட்டி யாராவது உங்களை அடிக்க வந்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவு தூரம் உங்கள் பக்கம் நின்றேன். இனி நிற்கப் போவதில்லை.

பதினேழு குழிகள் 'எடுத்துக்கொள்ளுங்கள், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி வந்திருக்கிறீர்கள். விளைவு என்ன? அன்று முழுவதும் அந்த மனிதர் ஒரு குட்டைத் தட்டலைக்கூட ஆடவில்லை. குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், பந்து அதில் பாதிக்கும் குறைவு. இடம் தாராளம், கைக்குத்தான் பழக்கம் வேண்டும். நான்கைந்து முறை போட்டிருந்தால் கை தானாகப் போட்டிருக்கும். அந்தப் பழக்கத்தை அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டீர்கள். கடைசிக் குழியில், எல்லோரும் சூழ்ந்து நிற்கும்போது, முதல் முறையாக 'போடுங்கள் பார்க்கலாம்' என்று நின்றீர்கள். நீங்கள் கொடுத்ததற்குக் கொடை என்று பெயரில்லை ஐயா, கடன். பதினெட்டாவது குழியில் வட்டியோடு வசூலித்தீர்கள். திட்டமிட்டுச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படியில்லை என்று நம்புகிறேன். ஆனால் உங்கள் அணியினர் ஏன் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

முதல் குழியிலிருந்தே எதையும் விட்டுக்கொடுக்காமல் ஆடியிருந்தால் கடுகடுப்பானவர் என்று பெயர் வந்திருக்கும், அவ்வளவுதான். விட்டுக்கொடுப்பது ஆளுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. இந்தப் பந்தை இவர் தவறவிடமாட்டார் என்று சொல்லும் தீர்ப்பு. தூரத்தைப் பார்த்து, சரிவைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. நீங்கள் காலையில் ஆளைப் பார்த்துச் சொன்னீர்கள், மாலையில் கோப்பையைப் பார்த்து நிறுத்திக்கொண்டீர்கள்.

இதே கோணலை நான் மறுபக்கமிருந்து செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், இதுபோன்ற ஒரு பருவ முடிவு ஆட்டம். இருவர் ஒரே பந்தை மாறி மாறி அடிக்கும் ஃபோர்சம்ஸ். என் ஜோடி என்னைவிட முப்பது வயது மூத்தவர். அவர் அழகாக உருட்டிக் குழியோரம் கொண்டுவந்து வைத்தார். எதிராளி 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. 'நன்றி, நானே போட்டுக்கொள்கிறேன்' என்று பட்டரை (பந்தை உருட்டும் மட்டை) எடுத்துத் தட்டினேன். தவறிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. விட்டுக்கொடுத்ததை அவரும் திரும்பப் பெற முடியாது, நாமும் மறுக்க முடியாது என்பது விதி. எதிராளி முகத்தில் எதையும் காட்டாமல் அட்டையில் குழி சமம் என்று எழுதிக்கொண்டார். நான் அவமானத்தில் வெந்துகொண்டிருந்தேன். அடுத்த குழிக்கு நடக்கும்போது பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "நாற்காலியை நகர்த்திக் கொடுத்தால் உட்கார வேண்டும் தம்பி. கால் வலிக்கவில்லை என்று நிரூபிக்கக் கூடாது." அன்று தோற்றோம். திரும்பும் வழியெல்லாம் அவர் தன் பேத்தியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அடுத்த பருவத்துக்கு அவர் வரவில்லை. முழங்கால் விடவில்லை.

எங்கோ போய்விட்டேன். நீங்கள் கேட்டது தவறா, இல்லையா என்று. உங்கள் கடிதத்தில் அவருடைய ஹேண்டிகேப்புக்கு ஒரு முழு வாக்கியம் இருக்கிறது. அந்தத் தட்டல் தவறிய கையோடு தொப்பியைக் கழற்றி உங்களிடம் வந்தாரே, அதற்கு மூன்றே சொற்கள். அவருக்கு எழுதினீர்களா? எனக்கு எழுதியதில் கால்வாசி நீளம் போதும். ஹேண்டிகேப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம்.