கருக்கலைப்புச் சட்டத்தை நீதிமன்றம் நிறுத்தலாமா? பிந்திய வாரங்களில் எது நியாயம்? கேள்வி பதில்

வெள்ளவத்தை, சட்ட மாணவி: அக்கா, அமெரிக்காவில ஒரு நீதிபதி ஆணை போட்டா கருக்கலைப்புச் சட்டம் அண்டைக்கே நிக்குது. இலங்கையில எங்கட 1883ஆம் ஆண்டுச் சட்டத்தை உயர் நீதிமன்றத்தால ஏன் அப்பிடி நிப்பாட்ட ஏலாது?

அந்தக் கதவுக்கு எங்கள் அரசியலமைப்பு இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறது, தங்கச்சி. முதலாவது 16(1)ஆம் உறுப்புரை. 1978க்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது அது. கருக்கலைப்பைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு அந்த நிழலில்தான் இன்றுவரை நிற்கிறது. இரண்டாவது 80(3). சபாநாயகர் சான்றுப்படுத்திய பின்னர் ஒரு சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது. 126இன் கீழ் அடிப்படை உரிமை மனு போடலாமே என்று பலர் கேட்பார்கள். அது நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிரான மனு. ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். சட்டத்தையே கவிழ்க்க அது உதவாது.

மிச்சிகன் மாநிலத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே 1931ஆம் ஆண்டுத் தடைச்சட்டம் ஏட்டில் கிடந்தது. 2022 மே மாதம் மாநில நீதிமன்றம் ஒன்று அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பரில் வாக்காளர்கள் உரிமையை மாநில அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். அந்தச் சட்டத்தைவிட எங்களுடையது 48 வருடம் மூத்தது. இருந்தும் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் அதைத் தொடக்கூட முடியாது. ஒரு சட்டம் பழையது என்பதே அதற்குக் காவலாக இருப்பது எனக்குப் பெரிய அநியாயமாகத்தான் படுகிறது.

(தமிழ்நாட்டுச் செய்தி வாசிப்பவர்கள் குழம்ப வேண்டாம். இங்கே உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் அதியுயர் நீதிமன்றம்.)

அதே மாணவி: அப்ப நீதிமன்றத்துக்கு ஒரு இடமும் இல்லையா?

ஒரே ஒரு இடம் இருக்கிறது: சட்டமூலம் சட்டமாகும் முன். வர்த்தமானியில் வந்து, நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய பிறகு எந்தக் குடிமகனும் 121இன் கீழ் மனுக் கொடுக்கலாம். அவகாசம் நாட்கணக்குத்தான், அதனால் வர்த்தமானி வந்த அன்றே மனுவை எழுதத் தொடங்க வேண்டும். பிரதி ஒன்று சபாநாயகருக்கும் போக வேண்டும். நீதிமன்றத்துக்கு மூன்று வாரம். அதுவரை அல்லது முடிவு வரும்வரை சபையில் அந்தச் சட்டமூலம் நகராது. முடிவு பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக வரும்: சாதாரணப் பெரும்பான்மை போதும், மூன்றில் இரண்டு, அதாவது 225இல் 150 பேர் வேண்டும், அதோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும்.

எது வரும் என்பதில் சட்டத்தை வரைந்த விதத்துக்கும் பங்குண்டு. தன்பாலின உறவைக் குற்றமாக்கும் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் 2023இல் தடையின்றித் தாண்டியது. 2024இல் பால்நிலைச் சமத்துவச் சட்டமூலத்துக்கு மூன்றில் இரண்டும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்றார்கள். முன்னையது தண்டனைச் சட்டக்கோவையில் சில வரிகளைத் தொட்டது. பின்னையது பரந்த கொள்கைகளை வகுத்தது. 303ஐத் திருத்த விரும்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வன்புணர்வு, உயிர்வாழ முடியாத சிசு என்று விதிவிலக்கைக் குறுக்கி எழுதினால்தான் வழி இலகு. 1995இல் அப்படியொரு வாசகம் நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. 2017இல் நீதியரசர் புவனேக அலுவிஹாரே குழுவின் பரிந்துரையை வைத்து அமைச்சரவை வரை போனது, மத எதிர்ப்பில் நின்றுவிட்டது. இரண்டு தடவையும் தடுத்தது நீதிமன்றம் அல்ல.

தெஹிவளை: அமெரிக்காவில தடையாணை குடுத்தும் சில சட்டம் நிக்கேல்லையே, ஏன்?

தடையாணை சட்டத்தை அழிப்பதில்லை. அதை நடைமுறைப்படுத்தும் அதிகாரியின் கையைத்தான் கட்டுகிறது. வழக்கில் வெல்லும் சாத்தியம், ஈடுசெய்ய முடியாத பாதிப்பு, இரு தரப்புக்கும் வரும் கஷ்டத்தின் எடை, பொதுநலன் ஆகிய நான்கையும் நீதிபதி பார்ப்பார். 2021இல் டெக்சஸ் இந்தக் கணக்கையே குழப்பியது. சுமார் ஆறு வாரத்துக்குப் பிந்திய கருக்கலைப்புக்கு உதவியவர் மீது எந்தத் தனிநபரும் வழக்குப் போட்டுக் குறைந்தது 10,000 டொலர் பெறலாம் என்று எழுதினார்கள். அதிகாரி இல்லாத சட்டத்தில் யாருடைய கையைக் கட்டுவது? 2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் டொப்ஸ் தீர்ப்பு, கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக ஏற்ற 1973இன் ரோ தீர்ப்பையே நீக்கியது. அதன்பின் சண்டை மாநில நீதிமன்றங்களுக்கு மாறிவிட்டது.

வத்தளை: நீதிமன்றம் தலையிட்டா அது பெண்களுக்கு நல்லதுதானே மிஸ்?

எப்போதும் அல்ல. போலந்தில் சிசுவின் கடும் குறைபாட்டுக்காகக் கருக்கலைக்க இருந்த வழியை 2020 ஒக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம்தான் அடைத்தது.

மருதானை, தாதி: 303இல "தாயின் உயிரைக் காப்பாற்ற" எண்டு இருக்கு. அது எந்தக் கட்டத்தில தொடங்குது, அக்கா? வோர்ட்டில இதுதான் எங்களுக்குப் பயம்.

பயத்தில் நியாயம் இருக்கிறது, ஏனெனில் சட்டம் அதை வரையறுக்கவே இல்லை. நல்லெண்ணத்துடன், பெண்ணின் உயிரைக் காக்கும் நோக்கத்துடன் செய்தால் குற்றமல்ல. அவ்வளவுதான் வாசகம். வார எல்லை கிடையாது, இத்தனை டொக்டர்கள் என்ற கணக்கும் கிடையாது. இல்லாவிட்டால் மூன்று வருடம் வரை சிறை, குழந்தை அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வருடம் வரை. தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் இதில் அடங்குவாள்.

"உயிராபத்து" என்பதை "சாகும் தறுவாய்" என்று வாசிப்பதுதான் ஆபத்து. அயர்லாந்தின் கால்வேயில் 2012இல் சவிதா ஹலப்பனவருக்கு 17ஆம் வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. கரு நிலைக்காது என்பது தெரிந்த விடயம். இதயத் துடிப்பு இருக்கிறது என்று காத்திருந்தார்கள். அந்த நாட்களில் தொற்று இரத்தத்தில் ஏறியது. ஒக்டோபர் 28 அன்று அவர் இறந்தார். ஆறு வருடம் கழித்து மக்கள் வாக்களித்து, கருக்கலைப்புக்கு இருந்த அரசியலமைப்புத் தடையை நீக்கினார்கள்.

ஆகவே எழுத்தில் தெளிவாக இருங்கள். காய்ச்சல், நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், வெள்ளணு எண்ணிக்கை எல்லாவற்றையும் நேரத்தோடு குறியுங்கள். விஓஜி (மகப்பேற்று நிபுணர்) ஒருவரும், இதய நோயென்றால் இதய நிபுணரும், "காத்திருந்தால் உயிருக்கு இன்ன ஆபத்து" என்று காரணத்தோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். நல்லெண்ணத்துக்குச் சான்று அந்த ஏடுதான். "நிலைமை மோசம்" என்று மட்டும் எழுதிய குறிப்பு பின்னால் யாரையும் காப்பாற்றாது.

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பிள்ளை, நான் கத்தோலிக்கன். ஆறு ஏழு மாதப் பிள்ளையைக் கலைப்பதை எந்த மனச்சாட்சியோடு நியாயப்படுத்துவது?

ஐயா, ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு நிலைமைகள் கிடக்கின்றன, பிரித்துப் பார்ப்போம்.

தாய்க்குக் கடும் நோய், குழந்தை 24 வாரத்தைத் தாண்டியிருக்கிறது என்றால், கர்ப்பத்தை முடிப்பது பெரும்பாலும் பிரசவம்தான். ஊசி போட்டு வலி வரவைப்பார்கள், அல்லது சத்திரசிகிச்சை செய்வார்கள், குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும். அங்கே உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

தாயும் சேயும் நலம், ஆனால் வேண்டாம் என்பது அடுத்த நிலைமை. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஒக்டோபரில் இதற்குக் கிட்டிய ஒன்றைத்தான் எதிர்கொண்டது. இரண்டு பிள்ளைகளின் தாய், பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர், 26 வாரம். முதலில் அனுமதித்தார்கள். குழந்தை உயிரோடு பிறக்கும் வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் எழுதியதும் இரு நீதிபதிகள் பிரிந்தார்கள். கடைசியில் மூவர் அமர்வு மறுத்தது. வெளியே வாழக்கூடிய ஓர் உயிரின் இதயத்தை நிறுத்தச் சொல்லும் தைரியம் நீதிமன்றத்துக்கு இலகுவில் வராது, வரவும் கூடாது என்பது என் எண்ணம். அந்தத் தாயின் துயரத்தை இது சிறிதாக்கவில்லை.

மூன்றாவதுதான் என்னை உறுத்துவது: உயிர்வாழ முடியாத சிசு. குறைபாட்டைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள். பனிக்குட நீர் எடுத்துப் பரிசோதிப்பது 15ஆம் வாரத்துக்குப் பிறகு, நிறமூர்த்த (குரோமோசோம்) பெறுபேறு வர இன்னும் இரண்டு மூன்று வாரம் போகலாம். ஆகக் கவனமான தாய்க்கும் செய்தி கிடைக்கும்போது 22, 23 வாரம் ஆகிவிடுகிறது. மண்டையோடு உருவாகாத சிசுவை ஸ்கேனில் பாருங்கள்: முகம் தெரியும், கண்குழி தெரியும், அதற்குமேல் இருக்க வேண்டிய வெள்ளை வளைவு இருக்காது. அந்தக் குழந்தை பிறந்து மணித்தியாலங்களோ சில நாட்களோதான் வாழும். அதைச் சுமந்து பெறுவேன் என்று ஒரு தாய் முடிவெடுத்தால் தலைவணங்குகிறேன். முடியாது என்பவளைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தை என்னால் நியாயப்படுத்த முடியாது.

செய்முறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் 21 வாரமும் 6 நாளும் தாண்டினால், முதலில் சிசுவின் இதயத்தை நிறுத்தும்படி மகப்பேற்று மருத்துவர் கல்லூரி பரிந்துரைக்கிறது. ஸ்கேன் திரையைப் பார்த்தபடி தாயின் வயிற்றினூடாக நீண்ட ஊசி போகும், பொட்டாசியம் குளோரைட் இதயத்துக்குள் இறங்கும், துடிப்பு நின்றதைத் திரையில் உறுதிசெய்வார்கள். 28 வாரத்துக்கு முன் சிசு வலியை உணரும் சாத்தியம் குறைவு என்பது அந்தக் கல்லூரியின் நிலைப்பாடு. இதை மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. இதில் பாரமில்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஐயா.

பம்பலப்பிட்டி: வாரம் எண்டு எதிலிருந்து எண்ணுறது?

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. கருத்தரித்த நாளிலிருந்து எண்ணினால் இரண்டு வாரம் குறையும். முதல் மூன்று மாத ஸ்கேனில் வரும் திகதிதான் நம்பகமானது.

மட்டக்குளி, கணவர்: அக்கா, மனைவிக்கு 21 வாரம். தலை உருவாகேல்லை எண்டு ஸ்கேனில சொல்லிப்போட்டினம். என்ன செய்யிறது?

தம்பி, மனம் தாங்காத செய்தி. கொழும்பிலேயே டி சொய்சா, காசல் வீதி மகளிர் மருத்துவமனைகளில் ஒன்றில் சிரேஷ்ட விஓஜியிடம் இரண்டாவது ஸ்கேன் கேளுங்கள். முடிவை எழுத்தில் வாங்குங்கள். இன்றைய சட்டத்தில் இந்தக் காரணத்துக்காக இங்கே கருக்கலைக்க இடமில்லை. வெளியே "செய்து தருகிறோம்" என்பவர்களிடம் போக வேண்டாம். இந்த வாரத்தில் இரத்தப்பெருக்கு அவருடைய உயிரையே எடுக்கும். பிரசவத்தை எப்படித் திட்டமிடுவது, குழந்தை பிறந்தால் வலியில்லாமல் எப்படிப் பராமரிப்பது, நீங்கள் கையில் வைத்திருக்கலாமா என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னரே, முடிந்தால் மூன்று மாதம் முன்னரே, டொக்டரின் சீட்டோடு தினமும் 5 மில்லிகிராம் போலிக் அசிட் தொடங்கி 12ஆம் வாரம் வரை எடுக்க வேண்டும். வழமையான சிறிய அளவு இவருக்குப் போதாது.

பெயர் சொல்லாதவர்: ஒருத்தி எங்கேயோ செய்துபோட்டு இரத்தம் போகுது. பொலிசுக்குப் பயத்தில வீட்டில கிடக்கிறா.

இப்போதே அரசாங்க மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு பேட் வீதம் இரண்டு மணித்தியாலம் முழுக்க நனைந்தால், 38 பாகைக்கு மேல் காய்ச்சல் அடித்தால், துர்நாற்றம் வீசினால், தலைசுற்றி விழுந்தால் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். கலைந்த பிறகு சிகிச்சை அளிப்பது 303இன் கீழ் குற்றமே அல்ல, டொக்டர் தாராளமாகப் பார்க்கலாம். எத்தனை வாரம், என்ன மருந்து, எப்போது, எந்த வழியாக என்பதை டொக்டரிடம் மறைக்க வேண்டாம். உள்ளே ஏதும் செலுத்தப்பட்டிருந்தால் கர்ப்பப்பை துளைபட்டிருக்கலாம். அதைச் சொல்லாவிட்டால் அவர்கள் தேடும் இடமே மாறிவிடும்.